சவுத் பிரிட்ஜ் சாலையும் அம்மை திருக்கோயிலும்

திருக்கோயிலைப் பற்றிச் சிந்திக்குங்கால் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் ஒருங்கு வைத்துச் சிந்திப்பது சைவ மரபு. இம்மூன்றனுள் மூர்த்தியின் பெருமையையும் தலத்தின் பெருமையையும் எடுத்தோதுவார் பலர். தீர்த்தத்தின் பெருமையை நினைவார் சிலரே. திருமஞ்சனத்திற்கு நன்னீர் இல்லாத இடத்தில் பூசனை நிகழ்தல் அரிது. கண்ணொளி இல்லாதிருந்தும், கயிற்றைத் தடவிக் கொண்டே திருவாரூர்த் திருக்குளத்தை அகழ்ந்து திருத்திய தண்டியடிகள் நாயனார், நீர்ப்பணியும் இறைபணியே என்பதை உலகிற்கு உணர்த்தியருளினார். அவ்வுண்மைக்குப் பிற்காலத்துச் சான்றொன்று கடல் கடந்த சிங்கப்பூரில் இருக்கிறது. அந்நகரின் பழம்பெரும் பெருந்தெருவாகிய சவுத் பிரிட்ஜ் சாலையும், அதன்கண் எழுந்தருளியிருக்கும் மாரியம்மன் திருக்கோயிலுமே அச்சான்று.

தமிழ்நாட்டுப் பழம்பதிகளில் கோயில் முதலில் எழுந்தது. அதனைச் சுற்றி மாடவீதிகளும் தேர்வீதிகளும் பின்னர் எழுந்தன. மதுரை, காஞ்சி, தில்லை ஆகிய ஊர்களின் அமைப்பைக் கண்டார் இதனை எளிதில் அறிவர். சிங்கப்பூரின் நிலை அஃதன்று. வாணிகத்தின் பொருட்டு ஆங்கிலக் கும்பினியார் கோடு கிழித்து அமைத்த நகரம் அது. அங்கே கோயில் தனக்குரிய இடத்தைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அத்தேடலின் வரலாறு அறியத்தக்கது.

பெயர்க் காரணம்

சிங்கப்பூர் ஆற்றின் குறுக்கே அமைந்த பாலத்தினின்று வடக்கே செல்லும் சாலை நார்த் பிரிட்ஜ் சாலை என்றும், தெற்கே செல்லும் சாலை சவுத் பிரிட்ஜ் சாலை என்றும் பெயர் பெற்றன. முதற்கண் அங்கிருந்தது மரப்பாலமே. அது பன்முறை மாற்றிக் கட்டப்பெற்றுப் பின்னர் இரும்புப் பாலமாகி, இந்தியாவின் தலைமை ஆளுநராய் விளங்கிய எல்ஜின் பிரபுவின் பெயரைத் தாங்கிற்று. இப்போதுள்ள எல்ஜின் பாலம் 1929ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது.

சீன மக்கள் இச்சாலையைப் 'பெரிய குதிரைச் சாலை' என்னும் பொருள்படத் தம் மொழியில் வழங்கினர். குதிரை வண்டிகள் ஓடிய பெருவழி என்பது கருத்து. ஆற்றங்கரையின் கிடங்குகளையும் தென்புறத்துக் குடியிருப்புகளையும் இணைத்த இத்தெருவே பழைய நகரின் முதன்மைத் தெருவாய் விளங்கிற்று. மாட்டுவண்டி, குதிரை வண்டி, ரிக்‌ஷா, டிராம், மோட்டார் என ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன, போயின. தெருவின் போக்கு மட்டும் மாறவில்லை.

நாராயண பிள்ளையும் நன்னீரும்

1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சர் ஸ்டாம்போர்டு இராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினார். அதே ஆண்டு மே மாத இறுதியில் அவர் இரண்டாம் முறை வந்தபோது, 'இந்தியானா' என்னும் கப்பலில் அவருடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவர் முதற்கண் அரசாங்கக் கருவூலத்தில் பணியாற்றினார். பின்னர்த் தஞ்சோங் பகார்ப் பக்கத்தில் செங்கற்சூளை அமைத்துக் கட்டடத் தொழிலில் ஈடுபட்டார். துணி வாணிகமும் செய்தார். 1822ஆம் ஆண்டில் நேர்ந்த தீயில் அவருடைய கடை எரிந்தது, கடன் சூழ்ந்தது. ஆயினும் அவர் மனந்தளரவில்லை. மீண்டும் வாணிகத்தைத் தொடங்கி முன்னுக்கு வந்தார். செல்வம் போனவிடத்தும் திருக்கோயில் எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இந்துக்களின் கோயிலுக்கென ஆங்கில அரசினர் முதற்கண் ஒதுக்கிய இடம் தெலுக் ஆயர்த் தெருவில் இருந்தது. தெலுக் ஆயர் என்னும் மலாய்ச் சொற்றொடர் நீர்க்குடா எனப் பொருள்படும். அந்நாளில் அத்தெருவின் ஓரத்திலேயே கடலலை மோதிற்று. பெயரிலே நீருண்டு, கண்ணெதிரே எல்லையில்லாத நீருண்டு, ஆனால் அம்மைக்கு ஆட்டுதற்குரிய நன்னீர் அங்கே எளிதிற் கிடைக்கவில்லை. ஆகலின் அவ்விடம் வேண்டாவென விடப்பட்டது. 1821ஆம் ஆண்டில், அப்போது சிங்கப்பூரின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த வில்லியம் பார்க்குவார், ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே வேறோர் இடத்தை நாராயண பிள்ளை வைத்துக்கொள்ள இசைந்தார். ஆனால் 1822இல் வகுக்கப்பெற்ற நகரமைப்புத் திட்டத்தில் அவ்விடம் வேறு பயனுக்கு ஒதுக்கப்பட்டது. மூன்றாம் முறையாக, 1823ஆம் ஆண்டில், சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள இப்போதைய இடம் கோயிலுக்குக் கிடைத்தது.

இவ்விடத்தைச் சூழ்ந்த பகுதிக்குக் கிரேத்தா ஆயர் என்பது பெயர். மலாய் மொழியில் அது தண்ணீர் வண்டி எனப் பொருள்படும். சீனர் வழங்கும் பெயரும் 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்பதே. அருகிலுள்ள ஆன் சியாங் குன்றின் பக்கத்துக் கிணறுகளில் நீர் முகந்து, மாட்டுவண்டிகளில் ஏற்றி, ஊர் மக்களுக்கு வழங்கிய காலத்தின் நினைவு அப்பெயர்களில் நிலைத்திருக்கிறது. மாரி என்பது மழை. மழையின் வடிவாகிய அம்மை, உப்புநீர் சூழ்ந்த கரையை விடுத்து, தண்ணீரால் பெயர் பெற்ற இடத்தில் வந்து அமர்ந்தாள். இதனைத் தற்செயல் என்று கொள்வார் கொள்க. அன்பர்கள் திருவருட் குறிப்பு என்றே கொள்வர்.

கீற்றுக் கொட்டகை கோயிலானது

1827ஆம் ஆண்டில் மரமும் கீற்றும் கொண்டு எளியதொரு கோயில் எழுந்தது. நாராயண பிள்ளை அதன்கண் சின்ன அம்மன் என்னும் சிறு திருவுருவத்தை எழுந்தருளுவித்தார். மருத்துவ வசதி குன்றியிருந்த புதிய ஊரில், நோய்க்கு அஞ்சி வாழ்ந்த மக்கள் அம்மையையே மருந்தாகக் கருதி அடைந்ததில் வியப்பில்லை. 1831இல் கோயிலை அடுத்த நிலம் ஓர் அன்பரால் கொடையாக வழங்கப்பட்டது. அச்செய்தியைக் கூறும் கல்வெட்டுக் கோயிலிலேயே உள்ளது. இப்போது காணப்படும் செங்கற் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843ஆம் ஆண்டைச் சார்ந்தது என்றும், பெரும்பகுதி 1862, 1863ஆம் ஆண்டுகளில் எழுந்தது என்றும் அறிஞர் கருதுவர்.

1903ஆம் ஆண்டில் மூன்று நிலைக் கோபுரம் ஒன்று கட்டப்பெற்றது. வாயிலினின்று கருவறை நோக்கிச் செல்லும் நடைக்கு வேய்ந்திருந்த கீற்றுக் கூரை 1910இல் தீக்கிரையாயிற்று. அதன்பின் 1915இல், ஸ்வான் அண்டு மக்ளாரன் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் நிறுவனத்தார் நிலையானதொரு நடைமண்டபத்தை வகுத்துக் கொடுத்தனர். இன்று தெருவில் செல்வோர் அண்ணாந்து பார்த்துத் தொழும் இராசகோபுரம் 1925ஆம் ஆண்டில் எழுந்தது. 1960க்குப் பின்வந்த ஆண்டுகளில் அது புதுக்கப்பெற்றபோது சுதை வடிவங்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டன. உள்ளே நடுநாயகமாக மாரியம்மை எழுந்தருளியிருக்க, இருமருங்கும் இராமபிரானும் முருகப்பெருமானும் விளங்குகின்றனர். திரௌபதியம்மனுக்கும் தனித் திருமுன் உண்டு. சைவம், வைணவம், ஊர்த்தெய்வ வழிபாடு என வேறுபடுத்திப் பேசும் வழக்கம் அக்கரை சேர்ந்த ஏழை மக்களுக்கு இருந்ததில்லை. தாய்நாட்டில் விட்டுவந்த தெய்வங்கள் அனைத்தையும் ஒரே மதிலுக்குள் கண்டு ஆறுதல் பெற்றனர்.

தெருவை அமைத்த கைகள்

கோயில் எழுந்த பின்னரே இச்சாலை ஒழுங்காக அமைக்கப்பெற்றது. 1833ஆம் ஆண்டில் இதனை அமைத்தவர்கள் கைதிகள். 1825 முதல் 1873 வரையில் இந்தியாவினின்று நாடு கடத்தப்பெற்ற கைதிகள் சிங்கப்பூரில் வைக்கப்பட்டிருந்தனர். சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்களும், சாலைகளுக்குக் கல் பரப்பியவர்களும், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் முதலிய பெருங் கட்டடங்களை எழுப்பியவர்களும் அவர்களே. அவர்களுட் பலர் காலில் விலங்குடன் உழைத்தவர்.

திருநாவுக்கரசு நாயனார் உழவாரப் படை தாங்கித் திருவீதிகளிலுள்ள புல்லைச் செதுக்கி வழி திருத்தினார். அஃது அன்பினால் விரும்பி ஏற்ற தொண்டு. கைதிகள் செய்ததோ தண்டனையாக ஏற்றப்பட்ட வேலை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், அம்மையை வழிபடச் செல்வோர் கால்கள் இருநூறாண்டுக் காலமாக அக்கைதிகள் பரப்பிய வழியின் மேலேயே செல்கின்றன என்பதை மறத்தல் நன்றன்று. கோயில் கட்டினோர் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கமுண்டு. வழி அமைத்தோர் பெயர் எக்கல்லிலும் இல்லை. குடமுழுக்கு நாளில் அப்பெயரறியாதாரையும் நினைந்து ஒரு மலர் இடுதல் அன்பர்க்குக் கடனாம்.

தெருவின் ஏனைய சின்னங்கள்

எல்ஜின் பாலத்தினின்று தெற்கு நோக்கி வருவார் முதலிற் குறுக்குத் தெரு கூடும் இடத்தை அடைவர். அம்முனையை அடுத்த ஹாங் லிம் வளாகத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டபோது, சீனரை வரவழைத்து நிறுத்தி விசாரித்த நிலையங்களுள் ஒன்று அவ்விடத்தில் அமைந்திருந்தது. அவ்வாறு விசாரிக்கப்பட்டவருட் பலர் மீண்டு வரவில்லை. வாணிக ஆரவாரம் மிக்க தெருவில் அமைதியாய் நிற்கும் அக்கல்லைக் கடந்தே கோயிலுக்குச் செல்லல் வேண்டும்.

அடுத்து விளங்குவது ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையினின்று சென்ற தமிழ் முஸ்லிம்கள், அன்சார் சாகிப் என்பார் தலைமையில், 1826ஆம் ஆண்டில் இதனை நிறுவினர். இப்போதுள்ள கட்டடம் 1835இல் முற்றுப்பெற்றது. பள்ளிவாசல் நிறுவிய ஆண்டிற்கும் அம்மன் கோயில் எழுந்த ஆண்டிற்கும் இடையே ஓராண்டே வேறுபாடு. இரண்டிற்கும் இடையே ஒரு சிறு தெருவே எல்லை. ஒரே கடற்கரையினின்று புறப்பட்டு, ஒரே மொழியைப் பேசி, ஒரே தெருவில் குடியேறிய இரு சமயத்தார், ஒருவர் வழிபாட்டிற்கு மற்றவர் இடையூறின்றி இருநூறாண்டு வாழ்ந்தனர் என்பது போற்றற்குரிய செய்தி.

அக்கோயில்களால் அண்டைத் தெருக்களும் பெயர் பெற்றன. பள்ளிவாசலை ஒட்டிய தெரு மாஸ்க் தெரு. அம்மன் கோயிற் கோபுரத்தைக் கண்ட ஐரோப்பியர், கீழைநாட்டுக் கோயில்களைத் தாம் வழங்கும் பெயராலேயே ஒரு பக்கத்துத் தெருவைப் பகோடா தெரு என்றனர். மறுபக்கத்துத் தெரு முன்னர் வேறு பெயர் பெற்றிருந்து, 1908இல் டெம்பிள் தெரு எனப் பெயர் மாறிற்று. சீன மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியின் நடுவே, தமிழர் வணங்கும் அம்மையின் கோயிலால் தெருக்கள் பெயர் பெற்று விளங்குவது இந்நகரின் தனிச்சிறப்பு.

மேலும் தெற்கே செல்லின், 1910 முதல் இச்சாலையில் நிலைபெற்றுள்ள யூ யான் சாங் என்னும் சீன மருந்துக் கடையைக் காணலாம். அதற்கு அண்மையில், 2007ஆம் ஆண்டில் எழுந்த புத்தர் திருப்பல் கோயில் சீனத்துத் தாங் வமிசக் கட்டட அமைப்பில் ஓங்கி நிற்கிறது. தெரு முடியுமிடத்தில் 1903இல் கட்டப்பெற்ற ரிக்‌ஷா நிலையம் இருக்கிறது. மனிதனை மனிதன் இழுத்த அவ்வண்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒழிந்தன. நிலையத்தின் கட்டடம் மட்டும் நின்று பழங்காலத்தை நினைப்பூட்டுகிறது.

புகலிடமாய் நின்ற கோயில்

கப்பலினின்று இறங்கிய தமிழனுக்கு அந்நாளில் உற்றார் இல்லை, உறைவிடமும் இல்லை. வேலை கிடைக்குமட்டும் அவன் ஒதுங்கியிருந்த இடம் அம்மையின் திருமுற்றம். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்துக்களின் திருமணத்தைப் பதிவு செய்யும் இடமாகவும் இக்கோயில் விளங்கிற்று. வந்தவன் தங்கியதும், தங்கியவன் மணந்து குடியானதும் இத்தெருவிலேயே நிகழ்ந்தன.

1840ஆம் ஆண்டு முதல் தீமிதித் திருவிழா இங்கே நடைபெற்று வருகிறது. ஐப்பசித் திங்களில், தீபாவளிக்கு முன்னதாக, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலினின்று புறப்படும் அன்பர்கள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவு நடந்து சவுத் பிரிட்ஜ் சாலையை அடைந்து பூக்குழி இறங்குகின்றனர். தைப்பூசத்திற்கு முதல் நாளில், நகரத்தார் போற்றும் டேங்க் சாலைத் தண்டாயுதபாணி வெள்ளித் தேரேறிக் கியோங் சியாக் சாலையிலுள்ள விநாயகர் கோயிலுக்கு எழுந்தருளும்போது, இடையே மாரியம்மன் கோயிலில் தங்கிச் செல்கின்றார். பிள்ளை தாயைக் கண்டு செல்லும் அக்காட்சியில் உள்ளம் உருகாதார் இலர்.

குடிகள் அகன்ற தெரு

இத்துணைச் சிறப்புடைய தெருவிற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரியதொரு மாறுதல் நேர்ந்தது. 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிற்று. ஒரே அறையில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பழைய கடைவீடுகளை விட்டு, மக்கள் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சென்றனர். காற்றும் வெளிச்சமும் தூய நீரும் கிடைத்தன, அது நன்மையே. தெருவோரக் கடைகள் 1983இல் கட்டடத்திற்குள் மாற்றப்பட்டன. மார்க்கெட் தெருவில் இருந்த நகரத்தாரின் கிட்டங்கிகளும் மறைந்தன. 1973ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் மாரியம்மன் கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில் சூலியா பள்ளிவாசலும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. 1989இல் அப்பகுதி முழுவதும் பாதுகாக்கப்பட வேண்டிய பழம்பகுதியாக வகுக்கப்பட்டது.

இவற்றால் தெருவின் தோற்றம் காக்கப்பட்டது. தெருவில் வாழ்ந்த குடிகளோ அகன்றனர். விடியலில் மணியோசை கேட்டு எழுந்து வந்து தொழுதவர் இப்போது அருகில் இல்லை. கோபுரத்தைக் கண்டு வியந்து படம் பிடித்துச் செல்லும் வெளிநாட்டார் நாள்தோறும் வருகின்றனர். அவர்கள் வருவது குற்றமன்று. ஆனால், அண்டைக் குடிகள் இல்லாத கோயில் வழிபாட்டிடமாக நிலைக்குமா, காட்சிப் பொருளாகி விடுமா என்னும் வினா எழாமற் போகாது. வரலாற்றுச் சின்னம் என்னும் சட்டம் சுவரைக் காக்கும், சுதையைக் காக்கும், கோபுரத்தை இடிக்க விடாது. ஆறு காலமும் ஒருவன் வந்து கைகூப்புமாறு செய்தற்குச் சட்டத்தினால் இயலாது.

இவ்வினாவிற்கு அன்பர்களே விடையளித்து வருகின்றனர். நகரின் நாற்றிசையிலும் பரந்து வாழும் மக்கள் தீமிதிக்கும், வெள்ளிக்கிழமை வழிபாட்டிற்கும், குழந்தைக்கு முடியிறக்கவும் இத்தெருவைத் தேடி வருகின்றனர். 1936, 1949 முதலாகக் குடமுழுக்குகள் பல நிகழ்ந்த இக்கோயிலில், 2010ஆம் ஆண்டிலும், பின்னர் 2023 பிப்ரவரி 12ஆம் நாளிலும் திருக்குடமுழுக்கு நிகழ்ந்தபோது பல்லாயிரவர் திரண்டனர். அருகில் குடியிருந்தமையால் வந்தவர் முன்னோர்; தொலைவிலிருந்தும் நினைந்து வருபவர் அவர்தம் வழியினர். நினைந்து வருதல் எளிதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்குக் கைபிடித்துக் காட்டினாலன்றி அது தொடராது.

நிறைவு

குடமுழுக்கு என்பது நீரால் நிகழும் விழா. மந்திரத்தால் உருவேற்றிய குடத்து நீர் கலசத்தின் மேல் பொழிந்து, கூடி நிற்பார் அனைவர் தலையிலும் தெளிக்கிறது. அந்நீர் இன்னார் இனியார் என்று பாராது. நன்னீர் இன்மையால் ஓரிடத்தை விடுத்து, மற்றோரிடத்தை இழந்து, மூன்றாம் இடத்தில் நிலைபெற்ற கோயிலில் அவ்விழா நிகழும்போது, நாராயண பிள்ளையின் முதற்கவலை முழுதும் நிறைவேறுகிறது.

திங்களூரில் அப்பூதியடிகள் நாயனார் தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்து வழிச்செல்வோர்க்கு வேட்கை தணித்தார். நேரிற் காணாத பெரியோரை நினைந்து தொண்டு செய்யலாம் என்பதற்கு அவர் வரலாறு இலக்கியம். சிங்கப்பூரில் இன்று வாழும் தமிழர் நாராயண பிள்ளையைக் கண்டாரல்லர். சாலைக்குக் கல் சுமந்த கைதிகளைக் கண்டாரல்லர். அவர்களை நினைந்து, தம் மக்களை அத்தெருவிற்கு அழைத்துச் சென்று, பாலத்தின் பெயரையும் தண்ணீர் வண்டியின் கதையையும் சொல்லி, அம்மையின் திருமுன் நிறுத்துவாராயின், அதுவே அவர்கள் வைக்கும் தண்ணீர்ப் பந்தலாகும்.

மாரி வழங்குக. மன்னுயிர் தழைக்க. அம்மையின் திருவடி நிழல் எங்கும் பரவுக.

திருச்சிற்றம்பலம்